பூட்டிய கதவைத் திறந்த மாதரசி

1911-ம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ம் நாள். சனிக்கிழமை மாலை. நியூயார்க் நகரிலே வாஷிங்டன் சதுக்கம் என்றோர் இடம். சீமான்களின் மாளிகைகள் ஒரு பக்கம்; அவர்தம் செல்வத்தைப் பெருக்கித் தரும் ஆலைகள் அடுத்த தெருவிலே! அங்கே ஒரு வீட்டில் தேநீர் அருந்திக் கொண்டிருந்தார்கள் சில மாதர்கள். தெருவிலே கூக்குரல் எழுந்தது. தீயணைப்பு வண்டிகள் விரைந்திடும் ஓசை கேட்டது. கோப்பையை வைத்துவிட்டு ஓடினார் அவர்களிலே ஒரு பெண்மணி. வயது முப்பது.

ஓடிச் சென்று அவர் கண்ட காட்சி, பிறகு ஐம்பதாண்டுக் காலம் அவரைத் தூங்கவிடவில்லை. பத்து மாடிக் கட்டடம். மேல் மூன்று மாடிகளிலே டிரையாங்கிள் கம்பெனி என்னும் சட்டை தைக்கும் ஆலை. உள்ளே நெருப்பு. ஜன்னல் விளிம்பிலே இளம் பெண்கள்! இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள். பதினான்கு வயதுச் சிறுமியும் அவர்களிலே உண்டு. தீயணைப்பு வீரர்கள் ஏணியை உயர்த்தினார்கள். அது ஆறாவது மாடியோடு நின்றுவிட்டது. வலையை விரித்தார்கள், மேலிருந்து வந்து விழுந்த வேகத்திலே வலை கிழிந்தது. 146 உயிர்கள் போயின.

ஏன் போயின? ஒன்பதாவது மாடியிலே மாடிப்படிக்குச் செல்லும் ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது! தொழிலாளிகள் துணியைத் திருடிக் கொண்டு போய்விடுவார்களாம், அதற்காகப் பூட்டு! முழத் துணிக்குக் காவல். மனித உயிருக்குக் காவல் இல்லை.

இனித்தான் விந்தை இருக்கிறது. வேலை நடக்கும் நேரத்திலே ஆலைக் கதவைப் பூட்டலாகாது என்று நியூயார்க் மாநிலச் சட்டத்திலே எழுதி வைத்திருந்தார்கள். ஆம், எழுதியே வைத்திருந்தார்கள்! சட்டம் புத்தகத்திலே இருந்தது. சாவி முதலாளியிடம் இருந்தது. பிணம் நடைபாதையிலே கிடந்தது. முதலாளிகள் இருவர் மீதும் வழக்கு நடந்தது. அந்த வேளையிலே கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்பது ஐயமறக் காட்டப்படவில்லை என்று அந்த ஆண்டு டிசம்பரிலே ஜூரிகள் விடுதலை செய்துவிட்டார்கள்.

சட்டம் இருந்தும் சாவு வந்ததே, ஏன்? சட்டம் தானாக மாடிப்படி ஏறாது, தோழர்களே! அதைத் தூக்கிக் கொண்டு ஏறுவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரத்துக்கு அளவு வேண்டும். அளவை மீறினால் தட்டிக் கேட்க ஓர் இடம் வேண்டும். ஆள், அதிகாரம், அளவு, தட்டிக் கேட்கும் இடம் — இந்த நான்கையும் சேர்த்துத்தான் நிர்வாகச் சட்டம் என்று பெரிய பெயரிட்டு அழைக்கிறார்கள் படித்தவர்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அன்று தேநீரை விட்டுவிட்டு ஓடிய அந்தப் பெண்மணியின் வாழ்க்கையைத் தெரிந்து கொண்டால், நிர்வாகச் சட்டம் முழுதும் தெரிந்து கொண்டது போலத்தான். அவர் பெயர் பிரான்சிஸ் பெர்க்கின்ஸ்.

1880-ம் ஆண்டு ஏப்ரல் 10-ல் பாஸ்டன் நகரிலே பிறந்தவர். வளர்ந்தது வுஸ்டர் நகரிலே. பட்டினி அறியாத குடும்பம். வறுமை என்பது சோம்பலின் விளைவு, குடியின் விளைவு என்று நம்பி வந்த சூழ்நிலை. மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரியிலே வேதியியலும் இயற்பியலும் படித்தார். அங்கே ஓர் ஆசிரியை, பொருளாதார வரலாறு நடத்தியவர், மாணவிகளை வகுப்பறையோடு விட்டுவிடவில்லை. ஆலைகளுக்குப் போய்ப் பார்த்து வரும்படி அனுப்பி வைத்தார். போய்ப் பார்த்தார் பெர்க்கின்ஸ். பாடப் புத்தகத்திலே இல்லாத பாடம் அங்கே இருந்தது. இயந்திரத்திலே கை போனால் வேலையும் போயிற்று. வேலை போனால் வீட்டிலே அடுப்பு அணைந்தது. இதிலே சோம்பல் எங்கே? குடி எங்கே? கேள்வி நெஞ்சிலே தைத்தது.

1902-ல் பட்டம் பெற்றார். ஆசிரியை வேலை பார்த்தபடியே சிகாகோ நகரத்து ஏழைகளுக்காக ஜேன் ஆடம்ஸ் அம்மையார் நடத்தி வந்த ஹல் ஹவுஸ் நிலையத்தில் தொண்டாற்றினார். 1910-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்திலே மேல்பட்டம். அதே ஆண்டு நியூயார்க் நுகர்வோர் சங்கத்தின் செயலாளர். ரொட்டிக் கடைகளின் நிலவறைகளிலே இறங்கிப் பார்ப்பது, பெண்களுக்கு வேலை நேரத்தைக் குறைக்கச் சட்டம் கேட்டுச் சட்டமன்ற உறுப்பினர்களின் வாசலிலே காத்துக் கிடப்பது — இதுதான் வேலை. அந்த நிலையிலேதான் அவர் கண்ணெதிரிலே டிரையாங்கிள் எரிந்தது.

தீ அணைந்தது. மக்கள் நெஞ்சிலே மூண்ட தீ அணையவில்லை. அந்த ஆண்டே ஆலைகளை ஆராயக் கமிஷன் ஒன்றை அமைத்தது மாநிலச் சட்டமன்றம். தலைவர் ராபர்ட் வாக்னர். துணைத் தலைவர் ஆல் ஸ்மித். ஸ்மித், மீன் அங்காடியிலே வேலை பார்த்து வளர்ந்தவர். அந்தக் கமிஷனுக்காக ஆலை ஆலையாக ஆராய்ந்தார் பெர்க்கின்ஸ்.

கமிஷன் என்றால் என்ன நினைப்போம்? நாற்காலி, மேசை, சாட்சிகள், தடித்த அறிக்கை, பிறகு அலமாரி! இந்தக் கமிஷனை அப்படி உட்காரவிடவில்லை பெர்க்கின்ஸ். இரவு முழுதும் பத்து மணி நேரம் கயிறு திரித்துவிட்டு, விடியற்காலையிலே தள்ளாடி வெளிவரும் பெண்களைக் காண ஸ்மித்தை அழைத்துச் சென்றார். காய்கறி பதப்படுத்தும் ஆலைகளுக்கு வைகறையிலே கூட்டிச் சென்று, ஐந்து வயதுக் குழந்தை அவரை நறுக்குவதையும் ஆறு வயதுக் குழந்தை பட்டாணி உரிப்பதையும் காட்டினார். வாக்னரை என்ன செய்தார் தெரியுமா? சுவரிலே ஒரு சிறு துவாரம். அதுதான் தீ வந்தால் தப்பிக்கும் வழியாம்! அந்தத் துவாரத்தின் வழியே அவரையே ஊர்ந்து வெளியேறச் செய்தார். வெளியே செங்குத்தான இரும்பு ஏணி. பனி உறைந்து வழுக்கும் ஏணி. தரைக்குப் பன்னிரண்டு அடி உயரத்திலேயே முடிந்து போகும் ஏணி! கண்ட கண்கள் மறக்குமா? ஊர்ந்த முழங்கால் மறக்குமா? சில ஆண்டுகளிலே முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் பிறந்தன.

அந்தச் சட்டங்களிலே ஒன்றை நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும். சட்டமன்றத்திலே இருப்பவர்கள் எல்லாத் தொழிலையும் அறிந்தவர்களா? பஞ்சாலைக்கு எத்தனை வாசல், ரசாயனக் கூடத்துக்கு எந்தக் காற்றுப் போக்கி, ரொட்டிக் கடைக்கு எத்தனை அடி உயரம் என்று ஒவ்வொன்றுக்கும் மசோதா கொண்டு வந்தால் எந்த மன்றம் தாங்கும்? சட்டம் நிறைவேறுவதற்குள் இயந்திரமே மாறிவிடும்! ஆகவே 1913-ல் நியூயார்க்கிலே ஒரு வழி கண்டார்கள். ஆலை பாதுகாப்பாக இருந்திட வேண்டும் என்ற குறிக்கோளைச் சட்டமன்றம் வகுத்தது. அதை எப்படி நிறைவேற்றுவது என்பதற்கான விதிகளை வகுக்கும் அதிகாரத்தைத் தொழில் வாரியம் ஒன்றுக்குக் கொடுத்தது. வாரியம் வகுக்கும் விதிக்குச் சட்டத்தின் வலிமை உண்டு.

சர்க்கார் இலாகா இயங்கும் முறையின் மையம் இதுதான், தோழர்களே! சட்டமன்றம் குறிக்கோளைக் கூறும். இலாகா விதியை வகுக்கும். இன்ஸ்பெக்டர் படியேறிப் பார்ப்பார். தவறு கண்டால் நோட்டீஸ் வரும். நோட்டீஸ் பெற்றவர் தன் நியாயத்தைக் கூறுவார். தீர்ப்பு பிடிக்காவிட்டால் நீதிமன்றம் செல்வார். இந்தச் சங்கிலியிலே ஒரு கண்ணி அறுந்தாலும் போதும். சட்டம் மீண்டும் புத்தகத்துக்குள்ளே போய்ப் படுத்துக் கொள்ளும்.

1919-ல் ஆல் ஸ்மித் மாநில ஆளுநரானார். ஆனதும் பெர்க்கின்சை அழைத்துத் தொழில் கமிஷனிலே உறுப்பினராக அமர்த்தினார். நாடு முழுதும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1920-லேதான். அதற்கு முந்தைய ஆண்டே ஒரு பெண், ஆலை முதலாளிகளுக்கு ஆணையிடும் இடத்திலே! எதிர்ப்பு எழாதிருக்குமா? எழுந்தது. அவர் கணக்கைக் காட்டினார், விதியைக் காட்டினார், வேலையைக் காட்டினார். 1926-ல் தொழில் வாரியத்தின் தலைவர். 1929-ல் ஆளுநராக வந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், மாநிலத் தொழில் இலாகா முழுவதையும் அவரிடம் ஒப்படைத்தார்.

வீட்டிலே வேறொரு போராட்டம். 1913-ல் பால் வில்சன் என்பவரை மணந்தார். மணந்த பிறகும் தன் பெயரை மாற்றிக் கொள்ளவில்லை. ஒரு மகள் பிறந்தாள். சில ஆண்டுகளிலே கணவருக்கு மனநோய். மருத்துவமனை, வீடு, மீண்டும் மருத்துவமனை. குடும்பம் அம்மையாரின் சம்பளத்திலே நடந்தது. அந்தத் துயரை அவர் மேடையேற்றவில்லை. மூடி வைத்துக் கொண்டு வேலைக்குச் சென்றார்.

1929-ன் பெரும் சரிவு வந்தது. ஆலைகள் மூடின. 1930 சனவரியிலே, நிலைமை சீராகி வருகிறது, வேலை பெருகி வருகிறது என்று ஜனாதிபதி ஹூவர் கூறினார். பெர்க்கின்ஸ் தன் இலாகாவின் கணக்கேட்டைப் பார்த்தார். கணக்கு வேறு கதை சொல்லியது! மறுநாளே மறுத்தார், வேலையின்மை வளர்கிறதே தவிரக் குறையவில்லை என்று புள்ளிவிவரத்தோடு எடுத்துக் காட்டினார். மாநில அதிகாரி ஒருவர் நாட்டின் ஜனாதிபதியை மறுப்பதா? ஏன் மறுக்கலாகாது? மக்கள் பணத்திலே எடுக்கப்படும் கணக்கு மக்களுக்கு உண்மையைக் கூறத்தானே! பொய்க் கணக்கு எழுதும் இலாகா, பூட்டிய கதவைவிடக் கொடியது.

1933 மார்ச்சிலே ரூஸ்வெல்ட் ஜனாதிபதியானார். தொழிலாளர் அமைச்சர் பதவிக்கு பெர்க்கின்சை அழைத்தார். அமெரிக்க அமைச்சரவையிலே அமர்ந்த முதல் பெண் அவர்தான். பதவி கிடைத்ததே என்று பறந்து போய்விடவில்லை. வேலை நேரக் குறைப்பு, குறைந்தபட்சக் கூலி, சிறுவர் உழைப்புக்குத் தடை, வேலையில்லாதோர்க்கு உதவி, முதியோர்க்குப் பென்ஷன், மருத்துவக் காப்பு — இவற்றுக்கு இசைவு உண்டா என்று முதலிலேயே கேட்டார். ரூஸ்வெல்ட் இசைந்த பிறகே பதவியை ஏற்றார்.

அமைச்சர் நாற்காலியிலே அமர்ந்ததும் முதலில் கண்டது என்ன? தன் இலாகாவுக்குள்ளேயே அழுக்கு! அப்பொழுது அயல்நாட்டினர் குடியேற்றத்தைக் கவனிக்கும் பிரிவு தொழிலாளர் இலாகாவிலே இருந்தது. அதிலே தனிப் படை ஒன்று. முறையான வாரண்ட் இல்லாமலே நுழைவது, பிடிப்பது, நாடு கடத்துவேன் என்று மிரட்டுவது, ஏழைகளிடம் பணம் பறிப்பது! சட்டத்தின் பெயராலே வழிப்பறி! அந்தப் படையைக் கலைத்தார் அம்மையார். முதலாளியின் பூட்டை உடைக்கப் புறப்பட்டவர், தன் இலாகாக்காரனின் தடியையும் பறித்தார். இந்த இரண்டும் இரண்டு வேலையல்ல, தோழர்களே; ஒரே வேலைதான்! விதிக்குக் கட்டுப்படாத முதலாளியும் ஆபத்து. விதிக்குக் கட்டுப்படாத அதிகாரியும் ஆபத்து. இருவரிடமும் சிக்கிச் சீரழிவது ஏழைதான்.

1935-ம் ஆண்டு ஒரு பெரிய பாடம் வந்தது. நெருக்கடியைச் சமாளிக்க 1933-ல் அவசரமாகச் செய்த தொழில் மீட்புச் சட்டம், தொழிலுக்குத் தொழில் விதித் தொகுப்புகள் வகுக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் தந்தது. அதன் கீழே எழுந்த எண்ணெய் வழக்கொன்று உச்சநீதிமன்றத்திலே நடந்தபோது ஒரு வெட்கக்கேடு வெளியாயிற்று. எந்த விதியை மீறியதாகச் சர்க்கார் ஆட்களைக் குற்றம் சாட்டியதோ அந்த விதி, திருத்தம் செய்தபோது தவறுதலாக விடுபட்டுப் போயிருந்தது! இல்லாத விதியை மீறியதாக வழக்கு! ஆணைகளை ஒழுங்காக அச்சிட்டு வெளியிட ஏடு இல்லாததால் வந்த வினை. அந்த ஆண்டே சட்டம் செய்து, 1936 முதல் கெஜட்டிலே ஆணைகளை வெளியிடலாயினர். மக்களுக்குத் தெரியாத விதி, விதியல்ல.

அதே 1935 மே திங்களிலே இரண்டாவது அடி. புரூக்ளினிலே கோழி வியாபாரம் செய்த ஷெக்டர் சகோதரர்கள் மீது நடந்த வழக்கிலே, தொழில் மீட்புச் சட்டத்தின் விதித் தொகுப்புகள் செல்லாவென்று நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒரே முடிவாகத் தீர்ப்பளித்தனர். காரணங்களிலே ஒன்று என்ன? எல்லை காட்டாமல், அளவுகோல் கொடுக்காமல், சட்டம் செய்யும் வேலையையே மன்றம் தூக்கிக் கொடுத்துவிட்டது என்பது. அந்தத் தொகுப்புகளோடு தொழிலாளிக்குக் கிடைத்திருந்த கூலி வரம்பும் வேலை நேர வரம்பும் போயின. நல்ல நோக்கம்தான், ஆனால் அளவில்லாத அதிகாரம் என்பது மணலிலே கட்டிய வீடு. இடிந்தபோது உள்ளே இருந்தவன் தொழிலாளி!

சோர்ந்தாரா பெர்க்கின்ஸ்? இல்லை. இம்முறை அளவெடுத்துக் கட்டினார். முதியோர் பென்ஷனுக்கும் வேலையின்மை உதவிக்கும் திட்டம் தீட்டும் குழுவுக்கு 1934-லேயே அவர்தான் தலைவர். வரி விதிக்கும் அதிகாரத்தின் மீது அதை நிறுத்தினார்கள். 1935 ஆகஸ்ட் 14-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஆயிற்று. 1937 மே திங்களில் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. 1940 சனவரி முதல் மாதப் பென்ஷன் வழங்கலாயினர்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சட்டம் முதலிலே வயல்களிலே உழைப்போரையும் வீடுகளிலே வேலை செய்வோரையும் சேர்த்துக் கொள்ளவில்லை. கறுப்பின உழைப்பாளர்களிலே பெரும் பகுதியினர் இதனால் வெளியே நிறுத்தப்பட்டார்கள். முதலிலே அம்மையார் கேட்டவற்றிலே மருத்துவக் காப்பும் அவர் காலத்திலே கைகூடவில்லை. கோணலை மறைத்துப் புகழ் பாடுவது நமக்கு அழகல்ல.

1938 சூன் 25-ல் நியாய உழைப்புத் தரச் சட்டம் வந்தது. ஷெக்டர் வழக்கிலே கற்ற பாடத்தை இதிலே காணலாம். மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி என்று சட்டமே கூறியது. வாரத்துக்கு 44 மணி, பிறகு 40 என்று சட்டமே கூறியது. அதற்கு மேலே, குறிப்பிட்ட தொழிலிலே கூலியை 40 சென்ட் வரை உயர்த்தலாமா என்று ஆராயத் தொழிலாளர், முதலாளி, பொதுமக்கள் ஆகிய மூன்று தரப்பும் அமர்ந்த குழுக்கள். குழு பரிந்துரைத்தால் விசாரணை நடத்தி ஆணையிட ஒரு நிர்வாகி. ஆணை தவறென்றால் முறையிட நீதிமன்றம். ஆள், அதிகாரம், அளவு, தட்டிக் கேட்கும் இடம் — நான்கும் இருந்தன! பஞ்சாலை முதலாளிகள் வழக்காடத்தான் செய்தார்கள். 1941 பிப்ரவரி 3-ல் உச்சநீதிமன்றம், சட்டமும் செல்லும், அதன் கீழ் வந்த கூலி ஆணையும் செல்லும் என்று கூறிவிட்டது. மணல் வீடு இடிந்த இடத்திலே கல் வீடு எழுந்தது.

இனி, அம்மையார் வாழ்விலே அனல் வீசிய கட்டத்துக்கு வருவோம். ஹாரி பிரிட்ஜஸ் என்பவர் ஆஸ்திரேலியாவிலே பிறந்து, அமெரிக்காவின் மேற்குக் கரையிலே மூட்டை தூக்கிய துறைமுகத் தொழிலாளி. 1934-ல் சான் பிரான்சிஸ்கோ துறைமுக வேலை நிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். கப்பல் முதலாளிகளுக்கு அவர் கண்ணிலே விழுந்த தூசி. அமெரிக்கக் குடிமகனாக அவர் பதியவில்லை. ஆகவே, அவர் கம்யூனிஸ்டு, நாடு கடத்து என்று கூச்சல் கிளப்பினார்கள். நாடு கடத்தும் ஆணையிலே கையெழுத்திட வேண்டியவர் யார்? தொழிலாளர் அமைச்சர் பெர்க்கின்ஸ்!

ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். பத்திரிகைகள் புகழும், பகைவர் வாய் மூடும். அவர் என்ன செய்தார்? கட்சியிலே முன்பு இருந்தார் என்பதற்காக மட்டும் ஒருவரை நாடு கடத்தலாமா என்ற கேள்வி வேறொரு வழக்கிலே உச்சநீதிமன்றத்தின் முன் இருந்தது. அந்தத் தீர்ப்பு வரும்வரை பிரிட்ஜஸ் விசாரணையைத் தள்ளி வைத்தார். சட்டம் தெளிவாகட்டும், சாட்சி வரட்டும், பிறகு முடிவு என்றார்.

வந்தது புயல்! அவரும் கம்யூனிஸ்டு என்றார்கள். மறைமுகமாக அயல்நாட்டுக்காரி என்றார்கள். பிறந்த பதிவையே தேடினார்கள். 1939 சனவரியிலே, அவரைப் பதவியிலிருந்து நீக்கக் குற்றச்சாட்டுத் தீர்மானம் நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையிலே கொண்டு வரப்பட்டது. பிப்ரவரியிலே விசாரணைக் குழுவின் முன்னே சென்று நின்றார், எந்தச் சட்டத்தின்படி எதைச் செய்தேன் என்று எடுத்துரைத்தார். மார்ச்சிலே, குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று குழு ஒருமனதாகக் கூறியது. ஏப்ரலிலே உச்சநீதிமன்றத் தீர்ப்பும் வந்தது: முன்பு உறுப்பினராக இருந்தது மட்டும் போதாது! அவர் காத்திருந்தது சரிதான் என்றாயிற்று.

அதன் பிறகே பிரிட்ஜஸ் விசாரணை. அதையும் தன் இலாகா அதிகாரியிடம் விடவில்லை; ஹார்வார்டு சட்டக் கல்லூரித் தலைவர் ஜேம்ஸ் லாண்டிசை அழைத்து விசாரிக்கச் சொன்னார். குற்றம் சாட்டுகிறவனே தீர்ப்பும் கூறலாகாது என்பதல்லவா நியாயம்? வாரக் கணக்கிலே நடந்தது விசாரணை. சாட்சி சொன்னவர்கள் பலரை நம்பவே இயலவில்லை என்று கண்டார் லாண்டிஸ். குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1939 டிசம்பர் இறுதியிலே முடிவு கூறினார். வழக்கு விழுந்தது.

விலை கொடுக்காமல் நேர்மை கிட்டுமா? 1940-ல் குடியேற்றப் பிரிவைத் தொழிலாளர் இலாகாவிடமிருந்து எடுத்து நீதி இலாகாவிலே சேர்த்துவிட்டார்கள். சட்டத்தையும் மாற்றினார்கள், பிரிட்ஜசுக்காகவே! மறுபடி விசாரணை, மறுபடி நாடு கடத்தும் ஆணை. அது உச்சநீதிமன்றம் சென்றது. 1945 சூன் 18-ல் ஆணையை ரத்து செய்தார்கள் நீதிபதிகள். ஒரு காரணம் என்ன தெரியுமா? சத்தியம் செய்து பெறாத வாக்குமூலத்தை, இலாகா தன் சொந்த விதிக்கே மாறாகச் சாட்சியாக ஏற்றுக் கொண்டதுதான்! இலாகா வகுத்த விதி இலாகாவையே கட்டும்! மூட்டை தூக்கும் தொழிலாளியை, மாபெரும் சர்க்காரிடமிருந்து ஒரு விதி காப்பாற்றிற்று. அந்தச் சூன் திங்களோடு பன்னிரண்டு ஆண்டுப் பணி முடிந்து அமைச்சர் பதவியை விட்டார் பெர்க்கின்ஸ்.

மறு ஆண்டு, 1946 சூன் 11-ல், நிர்வாக நடைமுறைச் சட்டம் என்ற ஒன்று அமெரிக்காவிலே வந்தது. விதி வகுக்குமுன் இலாகா அறிவிப்பு வெளியிட வேண்டும். மக்கள் கருத்துக் கூற வழிவிட வேண்டும். வழக்குத் தொடுப்பவரின் கீழே விசாரணை அதிகாரி இருக்கலாகாது. மனம் போன போக்கிலே எடுத்த முடிவை நீதிமன்றம் தள்ளிவிடலாம் — இவை அதன் சாரம். அந்தச் சட்டத்தை அம்மையார் செய்தார் என்று நான் கூறவில்லை. சட்டம் கட்டளையிடும் முன்பே அந்த நெறியிலே நடந்து காட்டினார் என்றுதான் கூறுகிறேன்.

அமைச்சர் பதவியை விட்ட பின் அவரை அரசு ஊழியர் தேர்வு நிர்வாகத்தைக் கவனிக்கும் சிவில் சர்வீஸ் கமிஷனிலே உறுப்பினராக்கினார் ஜனாதிபதி ட்ரூமன். 1953 வரை அங்கே பணி. கடைசிக் காலத்திலே கார்னெல் பல்கலைக்கழகத்திலே ஆசிரியை. 1965 மே 14-ல் கண் மூடினார். வாஷிங்டனிலே தொழிலாளர் இலாகாவின் தலைமைக் கட்டடத்துக்கு 1980-ல் அவர் பெயரைச் சூட்டினார்கள்.

தோழர்களே! சர்க்கார் ஆபீஸ் என்றதும் நமக்கு நினைவு வருவது என்ன? நீண்ட வராந்தா, சிவப்பு நாடா, நாளை வா என்னும் குரல்! சலிப்பு வருவது இயற்கை. ஆனால் சலித்துப் போய், இலாகாவே வேண்டாம், விதியே வேண்டாம் என்று கூறுவோரை நம்பிவிடாதீர்கள். விதி இல்லாத இடத்திலே சாவி யாரிடம் இருக்கும்? டிரையாங்கிள் முதலாளியிடம் இருக்கும்! அதேபோல, ஏழைக்கு நல்லது செய்யத்தானே, அதிகாரிக்கு எதற்குக் கட்டுப்பாடு என்போரையும் நம்பிவிடாதீர்கள். கட்டுப்பாடு இல்லாத அதிகாரி இன்று முதலாளியைப் பிடிப்பான். நாளை சங்கத் தலைவனைப் பிடிப்பான்.

ஆகவே கேட்கப் பழகுங்கள். நோட்டீஸ் வந்தால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். மனு தள்ளப்பட்டால், காரணத்தை எழுத்திலே கேளுங்கள். மேலே முறையிடும் இடம் எது, கெடு எத்தனை நாள் என்று கேளுங்கள். இன்ஸ்பெக்டர் வந்தால், மாடி ஏறிப் பார்த்தாரா, கீழே அமர்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனாரா என்று பாருங்கள். இது வம்பு அல்ல; உரிமை.

146 பேர் ஒரு பூட்டிய கதவின் பின்னே மாண்டார்கள். அந்தக் கதவைத் திறக்க ஒரு பெண்மணிக்கு ஆயுள் முழுதும் தேவைப்பட்டது. திறந்த கதவு திறந்தபடியே இருந்திட வேண்டுமானால், வாசலிலே நின்று பார்த்துக் கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்!